வீட்டிலேயே பாட் தாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் பாட் தாய் நூடுல்ஸை வீட்டில் செய்து பார்த்தவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. "கடையில் உதிரியாக வருகிறது, எனக்குக் களியாகிவிடுகிறது" என்பது அவற்றில் பாதி. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சை ஒட்டியே வைத்திருக்கிறேன். படிக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: மசாலாவைப் பற்றிய பேச்சு குறைவாகவும் தண்ணீரைப் பற்றிய பேச்சு அதிகமாகவும் இருக்கும். இந்தச் சமையல் கெட்டுப்போவது அநேகமாகத் தண்ணீரால்தான்.

பாட் தாய் என்றால் என்ன? நம் ஊர் சைனீஸ் நூடுல்ஸ் மாதிரிதானே?

இல்லை. நம் ஊர்த் தள்ளுவண்டிகளில் வதக்குவது கோதுமை நூடுல்ஸ். சோயா சாஸ், வினிகர், மிளகுத்தூள் சேர்ந்த சுவை. பாட் தாய் அரிசி நூடுல்ஸில் செய்வது. புளி, பனைவெல்லம், மீன் சாஸ் மூன்றும் கலந்த சாறுதான் அதன் உயிர். கூடவே முட்டை, இறால், இறுகிய டோஃபு, காய்ந்த இறால், பதப்படுத்திய இனிப்பு முள்ளங்கி, பூண்டுத்தாள், பயறு முளை, வறுத்த வேர்க்கடலை ஆகியவை சேரும்.

நூடுல்ஸும் அதை வாணலியில் வதக்கும் முறையும் தாய்லாந்தில் குடியேறிய சீனர்களிடமிருந்து வந்தவை. புளியும் வெல்லமும் மீன் சாஸும் அந்த மண்ணின் சுவை. சயாம் என்ற நாடு 1939இல் தாய்லாந்து எனப் பெயர் மாறியது. அப்போது பிரதமராக இருந்த பிபூன் சொங்க்ராமின் அரசு, நூடுல்ஸ் சாப்பிடுங்கள், நூடுல்ஸ் கடை போடுங்கள் என்று மக்களை ஊக்குவித்தது. பாட் தாய் தேசத்தின் உணவாகப் பரவியது அந்தச் சூழலில். ஆகவே "பரம்பரை பரம்பரையாக வந்த ஒரே செய்முறை" என்று யாராவது சொன்னால் அதிகம் பயப்பட வேண்டாம். கடைக்குக் கடை அங்கேயே மாறும்.

கடையில் நான்கைந்து அகலத்தில் அரிசி நூடுல்ஸ் இருக்கிறது. எதை எடுப்பது?

தட்டையாக, 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் காய்ந்த நூடுல்ஸை எடுங்கள். தாய்லாந்தில் இதைச் சென் லெக் என்பார்கள். அதில் சந்தபுரி மாகாணத்தின் பெயரைத் தாங்கிய சென் சான் வகைக்கு இழுவை அதிகம், வாணலியில் எளிதில் உடையாது. விரல் அகலம் இருப்பது சென் யாய். அது கறுப்புச் சோயா சாஸில் வதக்கும் பாட் சீ இவ் போன்றவற்றுக்கு உரியது.

பொட்டலத்தின் பின்புறம் அரிசியும் தண்ணீரும் மட்டும் எழுதியிருக்கலாம், அல்லது மரவள்ளி மாவும் சேர்ந்திருக்கலாம். இரண்டும் சரிதான். மரவள்ளி சேர்ந்தது சற்று ரப்பர்போல இழுபடும் என்பதால், புதிதாகச் செய்பவர்களுக்கு அது கைகொடுக்கும்.

அதெல்லாம் இங்கே கிடைக்காது. இடியாப்பத்தையோ பாக்கெட் அரிசிச் சேவையையோ வைத்துச் சமாளிக்க முடியாதா?

இடியாப்பம் ஏற்கெனவே ஆவியில் வெந்தது. அதன் மேல் புளிச்சாறு ஊற்றினால் உறிஞ்ச இடமில்லாமல் நொறுங்கிவிடும். நன்றாக இருக்கும், ஆனால் அது புளிச்சேவைக்குத் தங்கை. பாட் தாய் அல்ல.

பாக்கெட்டில் வரும் காய்ந்த மெல்லிய அரிசிச் சேவை பரவாயில்லை. தாய்லாந்திலேயே மெல்லிய இழையை வைத்து நகோன் ராட்சசிமா பக்கம் பாட் மீ கோராட் என்ற வதக்கல் செய்கிறார்கள். மெல்லிய இழை சீக்கிரம் ஊறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்; கீழே சொல்லும் ஊறவைக்கும் நேரம் அதற்குப் பொருந்தாது. பத்து நிமிடத்திலேயே தொட்டுப் பார்க்கத் தொடங்குங்கள்.

வேகவைத்தால் குழைகிறது, ஊறவைத்தால் வேகவில்லை. நான் என்னதான் செய்வது?

ஊறவைப்பதுதான் சரி. ஊறிய நூடுல்ஸ் வேகாதது குறையும் அல்ல. மீதி வேக்காடு வாணலியில் நடக்க வேண்டும். கொதிநீரில் வேகவைத்த நூடுல்ஸ் தனக்கு வேண்டிய தண்ணீரை முழுதும் குடித்துவிடுகிறது. பிறகு சாற்றை ஊற்றும்போது குடிக்க இடமில்லை. சாறு வெளியே நிற்கிறது, இழையின் மேற்பரப்பிலிருந்து கரையும் மாவு அதில் கலந்து பசையாகிறது. நீங்கள் கிளறக் கிளறப் பசை கூடும்.

குழாய்த் தண்ணீரில், அறை வெப்பத்தில், 30 முதல் 45 நிமிடம் ஊறவிடுங்கள். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தைவிட விரல் நம்பகமானது: ஓர் இழையை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்றுங்கள். உடையாமல் வளையமாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். கடித்தால் நடுவில் இன்னும் விறைப்பு தெரிய வேண்டும். கண்ணாடிபோல இருந்த இழை வெள்ளையாக மாறியிருக்கும். அந்த நிலையில் வடிகட்டி, தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை வைத்திருங்கள். சொட்டச் சொட்ட வாணலியில் போட்டால் எண்ணெய் சூடு இறங்கிவிடும்.

இன்னொரு சிறு வேலை: வடிகட்டிய நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் ஒருமுறை குறுக்கே வெட்டிவிடுங்கள். முழம் நீளத்துக்கு இருக்கும் இழைகள்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பந்தாகின்றன.

நம் ஊர்ப் புளி போதுமா, தாய்லாந்துப் புளிதான் வேண்டுமா?

மரம் ஒன்றுதான். நம் புளியே தாராளமாகப் போதும். புதுப்புளியாகப் பாருங்கள். பழைய புளி கறுத்து, சாற்றையும் கறுப்பாக்கி, புளிப்போடு ஒரு கனத்த வாசனையையும் கொண்டுவரும். குழம்புக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம்.

30 கிராம் புளியை 100 மில்லி வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, சக்கையை அழுத்திப் பிழிந்து எடுங்கள். ரசத்துக்குக் கரைப்பதைவிடக் கெட்டியாக, கரண்டியின் பின்புறம் படியும் பதத்தில் இருக்க வேண்டும். புட்டியில் வரும் கறுப்புப் புளி விழுதைப் பயன்படுத்துகிறவர்கள் கவனம்: இந்தியப் புட்டியில் வருவது காய்ச்சி இறுக்கியது, ஒரு தேக்கரண்டியே ஆளைத் தூக்கிவிடும். தாய்லாந்துப் புட்டியில் வருவது நீர்த்தது. ஒன்றுக்கான அளவை இன்னொன்றுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

செய்முறைகளில் பனைவெல்லம் என்று வருகிறதே, அது கருப்பட்டிதானா?

பாதி ஆம். தாய்லாந்தில் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் வெல்லம் காய்ச்சுகிறார்கள். பெட்சபுரி மாகாணம் பனைவெல்லத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே இருப்பதும் நம் பனைமரமேதான். ஆனால் அவர்கள் வெல்லம் வெளிர்பழுப்பாக, மிருதுவாக, இளம் பால்கோவா நிறத்தில் இருக்கும். நம் கருப்பட்டி கறுத்து இறுகி, புகை வாசனையோடு வருவது. முழுவதும் கருப்பட்டி போட்டால் சாறு கறுத்து, மற்ற சுவைகளை அமுக்கிவிடும்.

என் பரிந்துரை: வெளிர்நிற மண்டை வெல்லம் முக்கால் பங்கு, கருப்பட்டி கால் பங்கு. இரண்டையும் கரைத்து வடிகட்ட மறக்காதீர்கள்; நம் வெல்லத்தில் மண் இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையிலும் செய்யலாம், ஆனால் இனிப்பு மட்டும் தனியாக முன்னே வந்து நிற்கும்.

மீன் சாஸைத் திறந்தாலே வீடு நாறுகிறது. இல்லாமல் செய்யக் கூடாதா?

நெத்திலி போன்ற சிறுமீனை உப்போடு மாதக்கணக்கில் புளிக்கவிட்டு வடித்த நீர் அது. புட்டியில் இருக்கும்போது வரும் வாசனையும் சூடான வாணலியில் புளியோடு சேர்ந்த பின் வரும் வாசனையும் வேறு. கருவாட்டுக் குழம்பு சாப்பிடும் வீட்டில் இதற்கு முகம் சுளிப்பது எனக்கு விளங்கியதே இல்லை.

சாஸை நேரடியாகக் காய்ந்த வாணலியில் ஊற்றாதீர்கள். அப்போதுதான் அந்தக் குப்பென்ற நெடி வரும். புளியோடும் வெல்லத்தோடும் முன்பே கலந்து வைத்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. சைவர்களுக்கான வழி கீழே தனியாக இருக்கிறது.

கண்ணளவு, கையளவு என்று சொல்லாமல் சரியான அளவு சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு: காய்ந்த நூடுல்ஸ் 120 கிராம். சாற்றுக்கு மேலே சொன்ன புளிக்கரைசல் 4 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 40 கிராம், மீன் சாஸ் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி. சிறு தீயில் வெல்லம் கரையும்வரை சூடாக்கினால் போதும், பாகு பதம் தேவையில்லை.

வாணலிக்கு எண்ணெய் 3 மேசைக்கரண்டி, முட்டை 2, நடுத்தர இறால் 8, இறுகிய டோஃபு 100 கிராம், காய்ந்த இறால் ஒரு மேசைக்கரண்டி, நறுக்கிய இனிப்பு முள்ளங்கி ஒன்றரை மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 4, பூண்டு 3 பல், பயறு முளை இரண்டு கைப்பிடி, பூண்டுத்தாள் ஒரு சிறு கட்டு, வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 3 மேசைக்கரண்டி.

சாற்றைச் சுவைத்துப் பாருங்கள். தனியாகக் குடிக்க முடியாத அளவு தூக்கலாக, முதலில் புளிப்பும் இனிப்பும், பின்னால் உப்பும் தெரிய வேண்டும். உப்பில்லாத நூடுல்ஸும் முளையும் சேரும்போது அது அடங்கிவிடும். மீன் சாஸின் உப்பு பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் முதல்முறை ஒன்றரைக் கரண்டியோடு நிறுத்தி, மீதியைக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

எந்த வரிசையில் போடுவது? எல்லாம் ஒரே நேரத்தில் கருகுகிறது.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாம் நறுக்கி, அளந்து, அருகில் இருக்க வேண்டும். வாணலிக்கு வந்துவிட்டால் மொத்த வேலையே ஆறேழு நிமிடம்தான். வெங்காயம் உரிக்க நேரம் கிடைக்காது.

முதலில் இறாலை எண்ணெயில் இருபுறமும் சிவக்கவிட்டு எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, காய்ந்த இறால், முள்ளங்கி, டோஃபு. வெங்காயம் ஓரம் சிவந்ததும் நூடுல்ஸைப் போட்டு, அதன் மேல் சாறு. இப்போது தீயைக் கூட்டி, இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் போடுங்கள். சாறு முதலில் வாணலியில் குளம்போல நிற்கும். பிறகு மெல்ல மெல்ல நூடுல்ஸுக்குள் போய்விடும். சலசல என்ற கொதிப்புச் சத்தம் மாறி, சுர்ரென்று எண்ணெயில் பொரியும் சத்தம் வந்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். இன்னும் விறைப்பாக இருந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மீண்டும் அதே சத்தம் வரும்வரை விடுங்கள்.

நூடுல்ஸை ஓரமாகத் தள்ளி, காலியான இடத்தில் சிறிது எண்ணெய் விட்டு முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சளை மட்டும் கலைத்து, நூடுல்ஸை அதன் மேல் மூடிவிடுங்கள். அரை நிமிடம் தொடாதீர்கள். பிறகு புரட்டினால் முட்டை திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். உடனே கிளறினால் முட்டை கரைந்து எல்லாவற்றையும் பூசிவிடும். கடைசியாக முளை, பூண்டுத்தாள், பாதி வேர்க்கடலை, எடுத்து வைத்த இறால். இரண்டு புரட்டு, அடுப்பை அணையுங்கள்.

எங்கள் வீட்டு அடுப்பில் கடைக்காரர் மாதிரி தீ வராதே?

தேவையில்லை. பாட் தாய்க் கடைக்காரர்கள் பலர் பெரிய தட்டையான இரும்புத் தட்டில்தான் செய்கிறார்கள். தீச்சுவாலை எழும்பும் வித்தை இந்த உணவுக்குக் கட்டாயம் அல்ல. தட்டையான, அகலமான பாத்திரம்தான் முக்கியம், தண்ணீர் ஆவியாகப் பரப்பு வேண்டும். குழிவான சின்ன வாணலியில் நூடுல்ஸ் ஆவியில் வெந்து களியாகும்.

இரும்பு வாணலி அருமையானது. ஆனால் புளி அதன் எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும். சமைத்ததும் நூடுல்ஸைத் தட்டுக்கு மாற்றி, கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரமும் சரி, அதை வெறுமனே காயவிடாதீர்கள்.

வீட்டில் எட்டுப் பேர். எல்லாவற்றையும் நான்கு மடங்காக்கிவிடலாமா?

சாற்றை நான்கு மடங்காக்குங்கள், வாணலியை அல்ல. ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குமேல் போட்டால் மேலே சொன்ன "சத்தம் மாறும்" கட்டமே வராது. தண்ணீர் வற்றுவதற்குள் அடியில் இருப்பது கரைந்துவிடும். சாறு குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும் என்பதால் முந்தின நாளே காய்ச்சி வைக்கலாம். ஊறிய நூடுல்ஸை இரண்டு பேருக்கான குவியல்களாகப் பிரித்து வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். முதலில் சாப்பிட்டவர் எழுந்திருக்கும்போது கடைசித் தட்டு வரும். தெருக்கடையிலும் அப்படித்தான்.

காய்ந்த இறாலும் இனிப்பு முள்ளங்கியும் இல்லை. விட்டுவிட்டால் தெரியுமா?

தெரியும். காய்ந்த இறாலுக்கு நம் கருவாட்டுக் கடையே போதும். ஓடு நீக்கிய காய்ந்த இறால் கிடைத்தால் அது, இல்லையென்றால் சென்னாக்கூனி. மணல் போக நன்றாக அலசி, வெறும் வாணலியில் வறுத்துப் போடுங்கள்.

முள்ளங்கி நொறுநொறுப்பையும் இனிப்பு கலந்த உப்பையும் தருவது. முள்ளங்கியைக் குச்சியாக நறுக்கி, உப்பும் வெல்லமும் பிசிறி, வற்றல்போல வெயிலில் சுண்டவிட்டால் கிட்டத்தட்ட அதன் அருகில் வரலாம். பூண்டுத்தாளுக்கு வெங்காயத்தாளும் கூடுதலாக ஒரு பல் பூண்டும்.

நம் வீட்டு முளைப்பயறைப் போட்டேன், கடுக்கடுக்கென்று இருந்தது. ஏன்?

நாம் சுண்டலுக்கு முளைகட்டுவதில் பயறுதான் பெரிது, வால் சின்னது. இங்கே வேண்டியது விரல் நீளத் தண்டு. பாசிப்பயறை ஓர் இரவு ஊறவைத்து, துளையுள்ள பாத்திரத்தில் பரப்பி, ஈரத்துணி மூடி, மேலே ஒரு தட்டும் அதன் மேல் சிறு கனமும் வைத்து இருட்டில் விடுங்கள். தினமும் மூன்று நான்கு முறை தண்ணீர் ஊற்றி வடிக்க வேண்டும். நான்கைந்து நாளில் தண்டு தடித்து வெள்ளையாக வளரும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும்.

தாய்லாந்தில் பச்சை முளையையும் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். முளை வளரும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை.

நாங்கள் சைவம். எதை மாற்றுவது? டோஃபுவுக்குப் பதில் பனீர் சரிவருமா?

மீன் சாஸ் இருக்கும் இடத்தில் ஒன்றரை மேசைக்கரண்டி வெளிர்நிறச் சோயா சாஸும் கால் தேக்கரண்டி உப்பும். காய்ந்த இறாலின் ஆழத்துக்குக் காய்ந்த காளானை ஊறவைத்துப் பொடியாக நறுக்கி, மொறுமொறுவென்று வறுத்துச் சேருங்கள். முள்ளங்கியைக் கொஞ்சம் கூட்டுங்கள். முட்டை வேண்டாதவர்கள் டோஃபுவை இரட்டிப்பாக்கலாம்.

பனீர் எனக்குப் பிடிக்கவில்லை. பால்வாசனை புளியோடும் சோயாவோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. தாய்லாந்துக்குப் போகிற சைவர்களுக்கு ஒரு தகவல்: மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடைகளில் இறைச்சி, மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

கடையில் செக்கச்செவேல் என்று இருந்தது. தக்காளி கெட்சப் சேர்ப்பதா?

வெளிநாட்டு உணவகங்கள் பலவற்றில் சேர்க்கிறார்கள். புளி கிடைக்காத ஊரில் புளிப்பும் இனிப்பும் ஒரே புட்டியில் கிடைத்த சௌகரியம் அது. புளியம்பழத்தோடு வளர்ந்த நமக்கு அந்தக் குறுக்குவழி எதற்கு? சரியான நிறம் செம்பழுப்பு. பாங்காக்கின் மகா சாய் சாலையில் உள்ள புகழ்பெற்ற திப் சமாய் கடையில் ஆரஞ்சு நிறம் தெரியும். அது இறால் தலையின் கொழுப்பிலிருந்து வருவது. வீட்டிலும் இறால் தலைகளை எண்ணெயில் மெல்லிய தீயில் நசுக்கி வதக்கி வடித்து, அந்த எண்ணெயில் சமைக்கலாம். மெல்லிய முட்டை உறைக்குள் நூடுல்ஸைப் பொதிந்து தருவதும் அந்தக் கடையின் அடையாளம்.

காரமே இல்லையே. மிளகாய் எப்போது போடுவது?

வாணலியில் போட வேண்டாம். காரம் சாப்பிடுபவரின் பொறுப்பு. தாய்லாந்து நூடுல்ஸ் கடை மேசையில் வறுத்த மிளகாய்த்தூள், சர்க்கரை, மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர் என்று நான்கு கிண்ணங்கள் இருக்கும், அவரவர் கலந்துகொள்வார்கள். வரமிளகாயை வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, எலுமிச்சைத் துண்டோடு பக்கத்தில் வையுங்கள்.

தட்டின் ஓரத்தில் அங்கே வைக்கும் பச்சைகளில் இரண்டு நமக்கு நன்கு பழக்கமானவை: வாழைப்பூவின் உள்மடல், சில இடங்களில் வல்லாரை இலை. இனிப்பும் எண்ணெயும் திகட்டும்போது அந்தத் துவர்ப்பு வாயைக் கழுவிவிடும். வாழைப்பூவை நறுக்கியதும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது.

மீந்ததை மறுநாள் எடுத்தால் குச்சிகுச்சியாக விறைத்திருக்கிறது. வெளியிலேயே வைத்தால் மிருதுவாக இருக்குமா?

வெளியே வைக்காதீர்கள். சமைத்த அரிசியில் வளரும் சில கிருமிகள் சூட்டைத் தாங்கும். மீண்டும் சூடாக்கினாலும் அவற்றின் நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். அங்கே அரிசி மாவு இறுகுவது இயற்கை, பழைய சோறு விறைப்பதும் இதனால்தான். நன்கு சூடாக்கினால் இளகும்: அகலமான பாத்திரத்தில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஒரு நிமிடம் மூடி, பிறகு திறந்து வதக்குங்கள். முளையும் வேர்க்கடலையும் புதிதாகச் சேருங்கள்.

கோதுமை ஒவ்வாதவருக்கு, வேர்க்கடலை ஒவ்வாதவருக்கு இதைக் கொடுக்கலாமா?

நூடுல்ஸில் கோதுமை இல்லை. ஆனால் சைவ முறையில் சொன்ன சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. கோதுமை இல்லாத வகை என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மீன் சாஸிலும் சில பிராண்டுகள் வேறு பொருள்கள் சேர்ப்பதால் சீட்டைப் படித்துவிடுங்கள்.

வேர்க்கடலை ஒவ்வாதவருக்கு வறுத்த பூசணி விதை போடலாம். அவருக்கான தட்டை முதலில், சுத்தமான வாணலியில், கடலையெண்ணெயைத் தொடாமல் செய்யுங்கள். கடலை உடைத்த உரலையும் கரண்டியையும் அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். இறால் ஒவ்வாதவர் என்றால் காய்ந்த இறால், இறால் எண்ணெய் இரண்டையும் நினைவில் வையுங்கள். கண்ணில் படும் எட்டு இறாலை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுவது ஆபத்து.